ஆவுடையப்பன் வீட்டுக் கடலும் மூன்று மைத்துனர்களும்

குடிதண்ணீர் லாரிக்காக ஊரே குடத்தோடு நிற்கும் கரிசல் ஊர் அது. அங்கே மரக்கடை ஆவுடையப்பன் தன் வீட்டு ஹாலில் ஒரு கடல் வைத்திருந்தார். பெரிய கண்ணாடித் தொட்டி, உள்ளே உப்புத்தண்ணீர், நீல விளக்கு, நடுவில் ஒரு பச்சைப் பவளம். உயிருள்ள பவளம், பார்த்தால் காற்றில் ஆடும் செடி மாதிரி இருக்கும். அது எதற்கு என்று ஊரில் யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது. ஆனால் அதைப் பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது.

மகளுக்குப் பிரசவம் என்று அவரும் மனைவியும் துபாய் கிளம்பினார்கள். வீட்டில் மிச்சம், மனைவியின் தம்பிகள் மூவர்: மாசானம், கோமதிநாயகம், இசக்கி. அக்கா கல்யாணத்தில் பந்தி பரிமாற வந்தவர்கள். பந்தி முடிந்ததை யாரும் அவர்களிடம் சொல்லாததால் மாடியிலேயே தங்கிவிட்டார்கள்.

"தொட்டிக்குள்ள கையை விடக்கூடாது. நான் வரும்போது பவளத்துக்கு ஏதாச்சும் ஆகியிருந்துச்சு, மாடியைக் காலி பண்ணிரணும்" என்றார் ஆவுடையப்பன். மூவரும் அப்போதே கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

கொஞ்ச நாளில் பவளத்துக்குப் பக்கத்தில் பழுப்பாக ஒரு சின்னப் பூ முளைத்தது. வீட்டில் பூ பூத்தது நல்ல சகுனம் என்று தேங்காய் உடைத்து, அதைப் படம் பிடித்து அத்தானுக்கு அனுப்பினார்கள். துபாயிலிருந்து உடனே போன் வந்தது.

"அது பூ இல்லடா, பூச்சி! பவளத்தைக் கொட்டிக் கொட்டியே கொன்னுரும். பவளம் இருக்கிற இடத்துல அது இருக்கவே கூடாது. முதல்ல பவளத்தை எடுத்து, தொட்டிக்கு அடியில இருக்கிற மருந்தை வாளியில கலந்து குளிப்பாட்டுங்க."

கையை விடக்கூடாதே! இசக்கி காலைச் சோப்புப் போடாமல் நன்றாகக் கழுவி, ஏணியில் ஏறி, கால்விரலால் கவ்விப் பவளத்தை வெளியே எடுத்தான். அன்றைக்குச் சனிக்கிழமை.

"சனிக்கிழமைன்னா எண்ணெய் தேய்க்காம எப்படிக் குளிப்பாட்டுறது?" என்றார் மாசானம்.

"தேய்க்கலாம்ணே. தலை எது?" என்றார் கோமதிநாயகம். யோசிக்கிற பொறுப்பு அந்த வீட்டில் அவருடையது.

"மேல இருக்கிறதுதான் தலை."

"நீங்க சொல்றபடி பாத்தா, நேத்து தலைகீழா நின்னு யோகா பண்ணினப்போ உங்க பாதம்தான் தலை."

மாசானம் தன் பாதத்தைச் சந்தேகமாகப் பார்த்தார். பேச்சு நீண்டது. முடிவு தெரியும்வரை காயாமல் இருக்கட்டும் என்று பவளத்தை மருந்து வாளியில் போட்டு வைத்திருந்தார்கள். தலை கடைசிவரை அகப்படவில்லை. குளிப்பாட்டாமலே தொட்டியில் திருப்பி வைத்துவிட்டோமே என்று மூவரும் ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டார்கள். பவளம் மட்டும் தெம்பாக இருந்தது.

அடுத்து பூச்சி. இசக்கி காலால் கிள்ளினான். அது ரெண்டாகப் பிய்ந்தது. மறுவாரம் பார்த்தால் ஒவ்வொரு துண்டும் ஒரு முழுப் பூச்சி.

"பயப்படாதீங்க" என்றார் கோமதிநாயகம். "ஒண்ணோட பலத்தை ரெண்டு பேரு பங்கு போட்டா ஆளுக்குப் பாதிதான். நாம பங்கு போட்டுக்கிட்டே போனா, கடைசியில அதுகளால கொசு அளவுக்குக்கூடக் கொட்ட முடியாது."

பங்கு போட்டார்கள். தொட்டிக்குள் பழுப்புத் தோட்டமே வளர்ந்துவிட்டது.

"இப்போ ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு பலம்ணே இருக்கும்?" என்று கேட்டான் இசக்கி.

"ரொம்ப ரொம்பக் கொஞ்சம்ல."

"காலு எரியுதே?"

"அது கொஞ்சம் கொஞ்சமா எரியுது பாரு."

பச்சைப் பவளத்தின் ஒரு ஓரம் வெளுக்க ஆரம்பித்ததும்தான் மாடி ஞாபகம் வந்தது. மாசானம் பயந்துபோய் மதுரை மீன்கடை ஜெபராஜிடம் ஓடினார். ஜெபராஜ் சின்னப் பாட்டிலில் ஓடில்லாத கடல் நத்தைகள் சிலவற்றைக் கொடுத்தார். "இதுகளுக்கு அந்தப் பூச்சி ஒண்ணுதான் ஆகாரம், அண்ணாச்சி. வேற எதையும் தொடாது."

உண்மைதான். நத்தைகள் முட்டை போட்டுப் பெருகி, மெதுவாக, விருந்துக்கு வந்தவர்கள் மாதிரி மேய்ந்தன. அத்தான் திரும்புகிற வாரத்தில் தொட்டியில் ஒரு பூச்சி கிடையாது. வெளுத்த ஓரத்தில் பச்சை துளிர்த்திருந்தது. மாடி தப்பியது.

மறுநாள் காலை இசக்கி சாப்பிடாமல் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தான். "நத்தையெல்லாம் பட்டினிண்ணே. கண்ணாடியில ஒட்டிக்கிட்டு என்னையே பாக்குது."

இட்லி போட்டார்கள், தொடவில்லை. சட்னியோடு போட்டார்கள், தண்ணீர்தான் கலங்கியது. மாசானத்துக்குக் கண் கலங்கியது. "வந்த வேலை முடிஞ்சிருச்சுன்னு சோத்தை நிறுத்துறது என்ன நியாயம்? நம்மளை அத்தான் அப்படியா நடத்தினார்?"

மூவரும் ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறினார்கள். பூச்சி வேண்டும் என்று கேட்டதும் ஜெபராஜ் உட்கார்ந்துவிட்டார். பிறகு கடைக்குப் பின்னால், குப்பைக்குப் போக இருந்த ஒரு பாறையைக் காட்டினார். கண்பட்ட இடமெல்லாம் பூச்சி. "சும்மா எடுத்துட்டுப் போங்க" என்றார்.

"சும்மா வேண்டாம், அதுக்குத்தான் இதைக் கொண்டாந்தோம்" என்று கோமதிநாயகம் வாளியை முன்னால் நகர்த்தினார். ஜெபராஜ் எட்டிப் பார்த்தார். நல்ல மனுஷர்; வேண்டாம் என்று பலதடவை சொன்னார். பூச்சியின் அருமை தெரியாதவர் என்று அவர்களும் பலதடவை வற்புறுத்தினார்கள்.

வீட்டுக்கு வந்து பாறையைத் தொட்டியில் இறக்கிக்கொண்டிருக்கும்போது, விமான நிலையத்திலிருந்து ஆவுடையப்பன் கூப்பிட்டார்.

"பவளம் எப்படிடா இருக்கு?"

"பிரமாதமா இருக்கு அத்தான்! புதுத் துளிர் விட்டிருக்கு."

"அந்தப் பூச்சி?"

"அதைப் பத்தி நீங்க கவலையே படாதீங்க" என்றார் மாசானம் பெருமையாக. "இனி மூணு வருசத்துக்குத் தாங்கும்."

"என்னடா தாங்கும்?" என்று அத்தான் அலறினார். கோமதிநாயகம் போனை வாங்கினார்.

"அத்தான், பயப்படாதீங்க. பவளம் இருக்கிற இடத்துல பூச்சி இருக்கக்கூடாதுன்னு நீங்க சொன்னதை நாங்க மறப்போமா? அதான் பவளத்தை மதுரையில கொடுத்துட்டோம்."