பன்னிரண்டு வோல்ட்டும் சூசையின் பாக்கெட்டும்

அரைக்கால்பட்டி எங்கே இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டால், "இங்கேதான்" என்று காலுக்குக் கீழே காட்டுவார்கள். தப்பென்று சொல்ல முடியாது.

அந்த ஊரில் பரஞ்சோதி என்று ஒருவன், கல்யாண வீடுகளில் கீபோர்டு வாசிப்பவன். அவனுக்கே கல்யாணம் கூடிவந்த மாதத்தில் எலி புகுந்து கீபோர்டின் குடலை உருவிவிட்டது. பெண் கனகவல்லியோ கறாராகச் சொல்லியிருந்தாள்: "வாசிக்கிறவர்னுதான் சம்மதிச்சேன். ரிசப்ஷன்ல என் சொந்தக்காரங்க முன்னாடி வாசிக்கணும். இல்லேன்னா காலையில மணவறைக்கு வரமாட்டேன்."

பரஞ்சோதி பட்டணத்துக் கடையிலிருந்து, கீபோர்டு மாதிரியே வாசிக்கிற ஒரு சின்தசைசர் வரவழைத்தான். முழுசாக அல்ல, உதிரி உதிரியாக வரும். நாமே பற்றவைத்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். 'சுத்தமான கைகளால் பிரிக்கவும்' என்று பெட்டியில் போட்டிருந்ததால், அவனும் தபேலா சூசையும் பாட்டுக்காரன் குருசாமியும் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து பிரித்தார்கள்.

ரிசப்ஷன் அன்று மத்தியானம், கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டு ஓரம் அதைப் பூட்டி முடித்துப் பிளக்கைச் சொருகினார்கள். பக்கத்தில் அதே பிளக் போர்டில் உளுந்து ஆட்டும் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. சின்தசைசர் சளி பிடித்த கன்றுக்குட்டி மாதிரி ஒரு முனகல் முனகி அடங்கியது.

குருசாமி கடைக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"பவர் சப்ளை பெட்டியில பன்னெண்டு வோல்ட் வருதான்னு மீட்டர் வச்சுப் பாருங்க" என்றார் கடைக்காரர். "பாக்கிறவர் ஒரு கையை பாக்கெட்டுக்குள்ள வச்சுக்கணும். ரெண்டு கையாலயும் தொட்டா கரண்ட் நெஞ்சு வழியாப் போயிரும். ஜாக்கிரதை!"

பரஞ்சோதி குனிந்து பார்த்தான். பனியன், லுங்கி.

"ஏலே, எனக்கு பாக்கெட்டே இல்லையே."

"யாரு பாக்கெட்டுன்னு அவரு சொல்லலையே" என்றான் குருசாமி.

மூவரும் யோசித்தார்கள். நியாயமாகத்தான் பட்டது. பேண்ட் போட்டவன் சூசை ஒருத்தன்தான். பரஞ்சோதி தன் இடக்கையை சூசையின் வலது பாக்கெட்டுக்குள் விட்டான். மீட்டருக்கு இரண்டு முனை. இவனிடம் மிச்சம் ஒரு கை. ஆகவே இன்னொரு முனையை சூசை பிடித்தான். அவனும் பார்க்கிறவன் ஆகிவிட்டபடியால், அவனுடைய இடக்கை அவன் பாக்கெட்டுக்குள் போனது.

"ஒம்போதுதான் காட்டுது!"

"அதான் கோளாறு" என்றார் கடைக்காரர். "வோல்டேஜுங்கிறது டேங்க் தண்ணி மாதிரி. டேங்க் உசரத்துல இருந்தா குழாய்ல பீச்சும், கீழ இருந்தா ஒழுகும். இப்ப நீங்க என்ன பண்ணணும்னா..."

போனில் சார்ஜ் தீர்ந்தது.

"என்ன பண்ணணும்னா என்ன? பெட்டியை உசரத்துல வைக்கணும்" என்றான் குருசாமி.

"சரி, கை?" என்று கேட்டான் சூசை.

பரஞ்சோதி ஆழ்ந்து யோசித்தான். "எடுக்கச் சொல்லலையே!"

சூசையும் பரஞ்சோதியும் ஒட்டிப்பிறந்த பிள்ளைகளாய் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். தண்ணீர் டேங்க்கின் தலையில் பெட்டியை வைத்து, மாடியில் தனி லைனில் இருந்த பிளக்கில் சொருகினார்கள். அந்த லைனில் கிரைண்டர் கிடையாது. மீட்டர் சுளையாகப் பன்னிரண்டு காட்டியது.

"பாத்தியாலே, உசரம்!" என்றான் சூசை.

அங்கிருந்து கீழே மேடைக்கு ஒயரைத் தொங்கவிட்டார்கள். வோல்ட் இறங்குகிற வழியில் யாரும் நிற்கக்கூடாது என்று குருசாமி கயிறு கட்டித் தடுத்தான்.

சாயங்காலம் சின்தசைசர் பிளிறியது. மாப்பிள்ளை ஒரு கையாலும் சூசை ஒரு கையாலும் வாசித்தார்கள். "ஒத்தைக் கையிலயே இந்தப் போடு போடுறாருன்னா!" என்று மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கனகவல்லிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

சிக்கல் காலையில் மணவறையில் வந்தது. பட்டுவேட்டி மாப்பிள்ளை, பக்கத்தில் கசங்கிய பேண்ட்டோடு சூசை. ஐயர் தாலியை நீட்டினார். "ரெண்டு கையாலயும் வாங்கிக்கோங்கோ."

"முடியாது சாமி, உத்தரவு வரலை."

கெட்டிமேளக்காரர்கள் குச்சியை ஓங்கியபடியே நின்றார்கள். கனகவல்லிதான் மாமனின் போனைப் பிடுங்கிக் கடைக்காரரைக் கூப்பிட்டாள். "அண்ணே, இவுக கையை எடுக்கலாமா?"

அவர் பதறிப்போனார். "அய்யோ, முதல்ல கரண்ட்டை நிறுத்துங்க! கரண்ட் இருக்கும்போதுதாம்மா பாக்கெட்டு!"

குருசாமி ஓடிப்போய் மண்டபத்து மெயினை இறக்கினான். ஃபேன் நின்றது, விளக்கு அணைந்தது, கை வெளியே வந்தது. அரையிருட்டில் தாலி ஏறியது. மூன்றாம் முடிச்சு விழுந்ததும் மெயினை ஏற்றினான். பரஞ்சோதியின் கை மறுபடி சூசையின் பாக்கெட்டுக்குள் போனது.

மறுவீட்டு விருந்துக்கு மூன்று பேராகப் போய் வந்தார்கள். மருமகனைவிட சூசை நன்றாகச் சாப்பிட்டான் என்று மாமியார் சொன்னாள். கரண்ட் போனால்தான் சூசை வீட்டுக்குப் போகலாம். அந்த வருஷம் பார்த்து அரைக்கால்பட்டியில் கரண்ட் போகவே இல்லை.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த சூசையின் மனைவி ரோசம்மா, கரண்ட் ஆபீஸ் வாசலேறினாள். "ஐயா, எங்க ஊர்ல கொஞ்சம் கரண்ட்டை நிறுத்துங்க. எங்க வீட்டுக்காரர் வீட்டுக்கு வரணும்."

"எல்லாரும் கரண்ட் வேணும்னுதானம்மா வருவாங்க!" என்ற ஆபீசர், பேண்ட் பாக்கெட்டில் ஒரு கையை விட்டபடி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

ரோசம்மா தலைக்கு மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்தாள். அவருடைய பாக்கெட்டைப் பார்த்தாள். படித்தவர் என்றால் படித்தவர்தான் என்று நினைத்துக்கொண்டாள். சேலையில் பாக்கெட் ஏது? அவருடைய இன்னொரு பாக்கெட்டுக்குள் தன் கையைப் பத்திரமாக விட்டுக்கொண்டு, "இப்பச் சொல்லுங்கய்யா, எப்ப நிறுத்துவீங்க?" என்றாள்.