குதிரை குடித்ததை ராஜா குடித்த கதை

முன்னொரு காலத்தில், கேட்கிறவர்கள் நடுவில் பேசாமல் கேளுங்கள், கன்னல்நாடு என்று ஒரு நாடு இருந்தது. திரும்பின பக்கமெல்லாம் கரும்பு. அதை ஆண்டவன் இன்பமாறன். வீரத்தில் குறையில்லை, தானத்தில் குறையில்லை, புத்தியில்தான் கொஞ்சம்.

அவன் தண்ணீர் குடிக்க மாட்டான். "அது குதிரை குடிக்கிறது. ராஜா குடிப்பானா?" என்பான். காலையில் தேன் கலந்த பால், மதியம் பாகு மாதிரி பானகம், மாலையில் கருப்பஞ்சாறு. விக்கல் எடுத்தால்கூடப் பானகம்தான்.

பிறகென்ன? தலைவலி, மலச்சிக்கல், பல்வலி. ராஜா வாயைத் திறந்தாலே மந்திரிகள் குனிந்து, கூப்பிய கையால் மூக்கை மூடிக்கொண்டார்கள். அவன் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டான்.

ராணி கயற்கண்ணிக்கு அந்த வசதியும் இல்லை. பக்கத்துச் சிம்மாசனம் அவளுடையதாயிற்றே!

நாற்றத்தைக்கூடப் பொறுத்துப் போயிருப்பாள். ஆனால் அந்த நாட்டில் ஒரு வழக்கம். தை முதல் நாள், ஊரே பார்க்க, ராஜா முதல் கரும்பைத் தன் பல்லால் கடிக்க வேண்டும். முடியாவிட்டால் அங்கேயே கிரீடத்தைக் கழற்றிப் பங்காளி தலையில் வைத்துவிட்டுக் காட்டுக்குப் போக வேண்டும். பங்காளி வீரகேது வருஷா வருஷம் முதல் வரிசையில் உட்கார்ந்து, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிப்பான். தைக்கு இன்னும் மூன்றே மாதம்.

மூன்று வைத்தியர்கள் வந்தார்கள். முதலாமவர் முத்துப் பஸ்பத்தைத் தேனில் குழைத்துக் கொடுத்தார். ஒரு பல் விழுந்தது. இரண்டாமவர் தங்கப் பஸ்பத்தை வெல்லப்பாகில் குழைத்துக் கொடுத்தார். இன்னொரு பல் விழுந்தது. மூன்றாமவர் பவளப் பஸ்பத்தோடு கற்கண்டு. மூன்றாவது பல்லும் போயிற்று. மூவருக்கும் பட்டுச் சால்வை போர்த்தினான் ராஜா.

"சுவாமி, தண்ணீர் குடித்துத்தான் பாருங்களேன்" என்றாள் ராணி.

"என்ன தேவி, நான் குதிரையா?"

'குதிரைக்கு அறிவு உண்டு' என்று நாக்கு நுனிவரை வந்ததைச் சிரமப்பட்டு விழுங்கினாள். அப்போதுதான் அவளுக்கு யோசனை உதித்தது.

மறுநாள் காலை அவனை லாயத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். முதல் போரிலிருந்து அவனைச் சுமந்த கிழட்டுப் பட்டத்துக் குதிரை நின்றது. ராணி ஒரு முழுக் கரும்பை நீட்டினாள். நறுக், நறுக், நறுக். கரும்பு போன இடம் தெரியவில்லை. உடனே தொட்டியில் வாயை வைத்து, பாதித் தண்ணீரைக் காலி செய்தது.

ராஜா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். "இதற்கு வைத்தியர் யார்?"

"ஒருவரும் இல்லை. தித்திப்பைத் தின்றால் பின்னாலேயே தண்ணீரைக் குடிக்கிறது. தையில் வீரகேது கிரீடத்தோடு ஏறப்போவது இதன் முதுகில்தான். பிடியுங்கள்!" என்று சொம்பை நீட்டினாள்.

பிடித்தான். குடித்தான்.

அன்றோடு பானகம் நின்றது. போன இடமெல்லாம் ராணி சொம்பும் கையுமாக வந்து நின்றாள். "கொப்பளியுங்கள். குடியுங்கள். இன்னும் குடியுங்கள்." முதல் மாதம் தலைவலி போனது. இரண்டாம் மாதம் நாற்றம் போனது. மூன்றாம் மாதம் ஈறு வீக்கம் வடிந்தது. விழுந்த பல் விழுந்ததுதான், தண்ணீர் என்ன மந்திரமா? மிச்சமிருந்தவை அசையாமல் நின்றன.

தை பிறந்தது. ராஜா கரும்பைக் கடித்தான். நறுக்! வீரகேது வாழ்நாளில் முதல்முறையாக வாயை மூடினான்.

"எல்லாம் எங்கள் பஸ்பம்" என்றார்கள் மூன்று வைத்தியர்களும். 'தண்ணீரைக் கண்டுபிடித்த கோமான்' என்று பாடினார் அரசவைப் புலவர். ராஜாவும் வெட்கமே இல்லாமல் தலையாட்டினான்.

ராஜா சக்கையைத் துப்பியதும் ராணி சொம்பை நீட்டினாள். நான்காவதாக ஒரு பட்டுச் சால்வையை மட்டும் லாயத்துக்கு, குதிரைக்குப் போர்த்த அனுப்பிவைத்தாள்.

ஆகவே, கேட்டவர்கள் எழுந்து போகுமுன் இதைத் தெரிந்துகொண்டு போங்கள்: பல்லும் உடம்பும் நன்றாக இருக்க வேண்டுமானால், வீண் கௌரவம் பார்க்காமல் தண்ணீரைக் குடிக்க வேண்டும்.