இடது கைப்பிடி

குன்னூரில் பைக் பட்டறை வைத்திருக்கும் ரோஸ்லினுக்கு வயது முப்பத்தொன்று. அவளிடம் தொழில் கற்க வந்த பெத்துராஜுக்கு ஐம்பத்தெட்டு. தேயிலை ஃபேக்டரியில் முப்பது வருஷம் மெஷின் ஓட்டியவர், மகள் வயதுப் பெண்ணை வாய் நிறைய "மேஸ்திரி" என்பார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

அவர் தனியாகச் செய்த முதல் வேலை, சின்ன மகள் சுகிர்தாவின் வண்டிக்கு ஹீட்டர் கிரிப் போட்டது. பேட்டரியில் சூடாகிற கைப்பிடி. சுகிர்தா நர்ஸ், விடிகாலைப் பனியில் விரல் விறைத்துப்போய்த்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவாள். ஒரே வீட்டில் இருந்தும் அப்பாவோடு அவள் பேசுவது "சாப்பாடு", "சாவி" என்று ஒற்றை வார்த்தையோடு சரி. இதைப் பார்த்தாவது இரண்டு வார்த்தை பேச மாட்டாளா என்று மனுஷனுக்கு நப்பாசை.

பேசினாள். "இடது பக்கம் சில்லுனு இருக்கு." சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

பெத்துராஜ் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து மீட்டர் வைத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவு. இடது கிரிப்பை மாற்றிப் புதிது போட்டார். தொட்டுப் பார்த்தால் வலது இதமாக இருந்தது, இடது அப்படியே கிடந்தது. குறை சொல்வதற்காக அவள் சொல்லவில்லை என்பதுதான் அவரை இன்னும் குழப்பியது.

"மேஸ்திரி, எனக்கு ஒண்ணுமே புரியல. ரெண்டுக்கும் ஒரே கரண்டுதான் போகுது."

"சரிண்ணா."

"அப்புறம் ஏன் ஒண்ணு மட்டும் சுடுது?"

ரோஸ்லின் கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வீட்லயும் இதே கதைதான். மூத்தவளுக்கு என்ன செஞ்சேனோ அதேதான் இவளுக்கும் செஞ்சேன். அவ தினம் போன் பண்ணி அப்பா அப்பாங்கிறா. இவ மூஞ்சியைக்கூடப் பாக்க மாட்டேங்கிறா. நான் எங்க தப்புப் பண்ணேன்?"

"அவங்க அம்மா தவறினப்ப இவங்களுக்கு என்ன வயசு?"

"ஆறு. மூத்தவ அப்பவே காலேஜ் போயிட்டா."

ரோஸ்லின் துணியைக் கீழே வைத்தாள். "ரெண்டு கிரிப்பையும் கழட்டுங்கண்ணா."

இரண்டு தடவை மாட்டியதை மறுபடியும் கழற்றுவதா என்று எரிச்சலாக வந்தது. ஆனாலும் கழற்றினார்.

"இப்ப கிரிப் இருந்த இடத்துல ரெண்டு கையையும் வைங்க."

வைத்தார். வலது கைக்கு ஒன்றும் தெரியவில்லை. இடது கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். ஐஸாகக் குளிர்ந்தது.

"வலது பக்கம் கிரிப்புக்கும் கம்பிக்கும் நடுவுல ஆக்ஸிலேட்டரோட பிளாஸ்டிக் குழாய் இருக்கு. சூடு அப்படியே கைக்கு வந்துடும். இடது பக்கம் நடுவுல ஒண்ணும் கிடையாது, வெறும் இரும்பு. நீங்க குடுக்கிறதை முதல்ல அது வாங்கிக்குது."

பெத்துராஜ் அந்த வெறும் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ பிடிபட்டது போலவும் இருந்தது, பிடிபடாதது போலவும் இருந்தது.

"கரண்டைக் கூட்டிக் குடுத்தா?"

"வலது கை வெந்துடும்."

"கம்பி மேல டேப் சுத்திட்டா?"

"சுத்தலாம். கை கொஞ்சம் சுடும். கம்பி குளிர்ந்தேதான் கிடக்கும்."

"அப்ப என்னதான் பண்றது, மேஸ்திரி?"

"அவங்க கிளம்புறதுக்கு முன்னாடியே எழுந்து, வண்டியை ஸ்டார்ட் பண்ணி, கிரிப் சுவிட்சைப் போட்டுட்டு இடது கிரிப் மேல கையை வச்சுக்கிட்டு நில்லுங்க."

"எவ்வளவு நேரம்?"

ரோஸ்லின் கார்புரேட்டரை மறுபடியும் எடுத்தாள்.

"தெரியலண்ணா. இன்னும் சுடலையேன்னு கையை எடுத்துடாதீங்க."