சேத்துக்காலு தாண்டாத வாசல்

ஒரு ஊர்ல ஒச்சாயி, ஒச்சாயின்னு ஒருத்தி இருந்தா. அவ புருசன் பேரு சின்னாண்டி. ரெண்டு பேரும் ஆடு மேய்க்கிறவங்க. அவங்க ஊர்ல இருந்து மூணு நாள் நடந்தா வேங்கைப்பட்டணம் வரும். தலைமுறை தலைமுறையா ராசாக்க ஆண்ட பட்டணம் அது. கோட்டையும் அகழியும், ஏழு நிலை அரமணையும், பாத்துட்டு வந்தவங்க வாய் ஓயாம சொல்லுவாங்க.

ஒச்சாயிக்கு அம்பது வயசாகியும் அந்தப் பட்டணத்தைப் பாத்ததில்ல. ஆனா அவளுக்கு அங்க ஒரு சொந்தம் இருந்துச்சு. என்ன சொந்தம்னு தானே கேக்கற, சொல்றேன். அவ அப்பன் கொத்தன். அரமணையில கொலு மண்டபம் கட்டின நாப்பத்திரண்டு பேர்ல ஒருத்தன். கட்டி முடிச்சதும் அப்ப இருந்த கிழ ராசா எல்லாரையும் கூப்பிட்டு, "எம் பேரைக் கல்லுல வெட்டிட்டாங்க, உங்க பேரை யாருப்பா வெட்டப் போறா, வாங்க"ன்னு சொல்லி, ஈரச் சுண்ணாம்புச் சுவத்துல அத்தனை பேரையும் கை பதிக்கச் சொன்னாரு. பதிச்சாங்க. மறுநாள் சாரம் பிரிக்கையில ஒச்சாயி அப்பன் மேல இருந்து விழுந்து செத்துப்போனான். அப்ப இவ ஆத்தா வயித்துல.

ஆத்தா சாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தா. "உங்கப்பன் மொகத்த உனக்குக் காட்ட முடியல தாயி. கை இருக்கு. நடுத்தூணுக்கு வடக்க மூணாவது கை. சுண்டுவிரல் வளைஞ்சிருக்கும். ஒரு தரம் போய்ப் பாத்துட்டு வந்துரு."

ராசா பொறந்த நாளைக்கு யாரு வேணா உள்ள வந்து மண்டபத்தைப் பாக்கலாம்னு கிழ ராசா காலத்துலயே ஏற்பாடு. அதனால ஒரு ஐப்பசி மாசம் ஆட்டை மகன் கிட்ட விட்டுட்டு, புளிச்சோத்தைக் கட்டிக்கிட்டு, புருசனும் பொஞ்சாதியும் கெளம்பிட்டாங்க. ஒரு நாள் நடந்தாங்க, ரெண்டு நாள் நடந்தாங்க, மூணாம் நாள் விடியக்காலம் பட்டணத்துக்குள்ள காலை வச்சாங்க. நல்ல மழை பேஞ்சு தெருவெல்லாம் சேறு.

அந்த அரமணைக்கு ஒரே வாசல்தான். வாசல்ல ரெண்டு காவக்காரங்க, நடுவுல திருமேனின்னு ஒரு அதிகாரி. கிழ ராசா போயி, அவரு மகன் போயி, இப்ப சின்ன வயசுப் பேரன் ராசாவா இருந்தாரு. அரமணைக் காரியம் முழுக்க இந்தத் திருமேனி கையில. வெள்ளை வேட்டி, விரலுக்கு ஒரு மோதரம்.

அவன் ஒச்சாயிய மேலயும் கீழயும் பாத்தான். "கால்ல என்ன சேறு? இது அரமணையா ஆட்டுப்பட்டியா? போ, போ."

சரி, சேறுதானேன்னு இவ கொளத்துக்குப் போயி காலைக் கழுவிட்டு, சேறு படாம ஓரமா நடந்து வந்தா. அப்பறம் அவன் சொன்னான், "சீலையில ஒட்டுப் போட்டிருக்கு. ஒட்டுச் சீலையோட கொலு மண்டபத்துக்குள்ள வருவியா? போ, போ."

சரி, சீலைதானேன்னு மறுபடி கொளத்துக்குப் போனா. துணி தொவைச்சுக்கிட்டு இருந்த ஒருத்தி இவ கதையைக் கேட்டுட்டு, தன்னோட கண்டாங்கியக் குடுத்து, "கட்டிட்டுப் போ அக்கா, திரும்பி வந்து குடு"ன்னா. யாரு பெத்த பிள்ளையோ. அதைக் கட்டிக்கிட்டு மூணாம் தரம் வந்தா.

மூணாம் தரம் திருமேனிக்குச் சாக்குக் கெடைக்கல. ஒரு நிமிசம் யோசிச்சுட்டுச் சொன்னான், "உங்க மாதிரி ஆளுங்க கண்ணு பட்டா சிங்காசனம் கறுத்துப் போயிரும். போ, போ."

கேட்டீங்களா? காலைக் கழுவலாம், சீலைய மாத்தலாம், கண்ணை எங்க கொண்டுபோய் மாத்தறது? சின்னாண்டி அவ கையைப் புடிச்சு, "வா புள்ள, போயிரலாம்"னான். அப்பப் பாத்து ஒரு பட்டு வியாவாரி பல்லக்குல வந்து எறங்கினான். காலு நெறைய சேறு. அவன் பின்னால அவன் நாய். அதுக்கு வயிறு வரைக்கும் சேறு. திருமேனி குனிஞ்சு கும்பிட்டு ரெண்டையும் உள்ள விட்டான்.

ஒச்சாயிக்குக் கோவம் வந்துச்சு. ஆனா கத்தல. பக்கத்துல போயி மெதுவாக் கேட்டா.

"சாமி, சேத்துக்காலு இந்த வாசலைத் தாண்டக்கூடாதுன்னது உங்க உத்தரவா, ராசா உத்தரவா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும்தான். இனிமே எங்கிட்டப் பேசாத." காவக்காரங்க காதுல விழற மாதிரி சொல்லிட்டு, வியாவாரி பின்னாலயே உள்ள போயிட்டான்.

ஒச்சாயி வாசலுக்கு எதிர்ல முந்தானைய விரிச்சு உக்காந்துட்டா. கொஞ்ச நேரத்துல அரமணைக்குப் பால் கொண்டு வந்தாரு ஒரு பெரியவரு. "அய்யா, உங்க கால்ல சேறு. சேத்துக்காலு தாண்டக்கூடாதுன்னு அதிகாரி உத்தரவு"ன்னா. அவரு காவக்காரனைப் பாத்தாரு. காவக்காரன் என்ன செய்வான், "உத்தரவு அதுதான்"னான். பால் திரும்பிப் போயிருச்சு. அப்பறம் காய்கறிக் கூடைய சுமந்துக்கிட்டு நாலு பொம்பளைங்க வந்தாங்க. ஒச்சாயி நடந்ததைச் சொன்னா. ஒருத்தி கூடைய எறக்கிட்டு, "நாயி போகலாம், நாம போகக்கூடாதாமா? வேகட்டும் அரமணை"ன்னுட்டு அவ பக்கத்துலயே உக்காந்துட்டா. காய்கறியும் நின்னு போச்சு. அப்பறம் வெறகு வந்துச்சு. அதுவும் நின்னு போச்சு. கடைசியில ஆத்துல குளிச்சுட்டு பட்டத்து யானை வந்துச்சு. நாலு காலும் சேறு. பாகன் ஒச்சாயியப் பாத்தான், காவக்காரனைப் பாத்தான், யானைய ஓரமா நிறுத்திட்டான். ஆமாண்டா, யானைக்கும் அதே உத்தரவுதான்.

உள்ள பொறந்த நாள் விருந்துக்கு அடுப்பே பத்தல. ஊர்கோலம் போக யானை இல்ல. ராசா பாத்தாரு, பாத்தாரு, பசி பொறுக்காம தானே வெளிய நடந்து வந்தாரு. பின்னால திருமேனி ஓடி வந்தான். தெரு நெறைய ஆளு, கூடை, யானை.

"யாரும்மா நீ? எதுக்கு என் வாசலை மறிக்கற?"ன்னாரு ராசா.

"நான் மறிக்கல ராசா. உங்க உத்தரவைக் காப்பாத்தறேன்"னு சொல்லி, காலையில இருந்து நடந்தது அத்தனையும் ஒண்ணு விடாமச் சொன்னா.

"நான் அப்படி உத்தரவு போடவே இல்லையே"ன்னாரு ராசா. "எழுந்திரும்மா. உள்ள போய்ப் பேசலாம்"னு திரும்பினாரு.

"நில்லுங்க ராசா"ன்னா ஒச்சாயி. "உங்க காலைப் பாருங்க."

ராசா குனிஞ்சு பாத்தாரு. கணுக்கால் வரைக்கும் சேறு. ராசா திருமேனி பக்கம் திரும்பி, "நான் இப்ப உள்ள போலாமா, வேணாமா? நீயே சொல்லு"ன்னாரு.

ராசா அந்தச் சேத்துக்காலோடயே ஒச்சாயியக் கூட்டிக்கிட்டு மண்டபத்துக்குப் போனாரு. பின்னால கூடைக்காரிங்க, பாகன், எல்லாரும் போனாங்க. நடுத்தூணு இருந்துச்சு. வடக்குச் சுவரும் இருந்துச்சு. கை ஒண்ணு கூட இல்ல. சுவரை வழவழன்னு புதுசாப் பூசி, அது மேல ஆள் உயரத்துக்குத் திருமேனி படத்தை எழுதியிருந்துச்சு, கையில செங்கோல் மாதிரி ஒரு தடியோட.

ராசா சின்ன வயசு, இந்தச் சங்கதியே அவருக்குத் தெரியாது. "இங்க கை இருந்துச்சா?"ன்னு கேட்டாரு. திருமேனி, "பழைய அழுக்கு ராசா. கூலிக்காரங்க கை. பாக்க நல்லா இல்ல, அதான் மூடினேன்"னான். கட்டினவங்க சனம் யாராச்சும் வந்து கையைத் தேடிருவாங்கன்னுதான் அவன் வாசல்லயே ஆளை மறிச்சான்னு அப்பத்தான் எல்லாருக்கும் புரிஞ்சுது.

"அழுக்கா?"ன்னா ஒச்சாயி. "எங்கப்பன் இந்த மண்டபத்துல விழுந்து செத்தான். நான் பொறக்கறதுக்கு முன்னாடி. எனக்குன்னு அவன் வச்சிட்டுப் போனது அது ஒண்ணுதான். நீ சோறு தின்னுட்டு நெழல்ல நிக்கறியே, இந்த நெழலு யாரு குடுத்தது?"

ராசா தலைப்பாகையக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டாரு. அப்பறம் சொன்னாரு, "திருமேனி, உளி தொடக்கூடாது. உளி பட்டா உள்ள இருக்கற கை ஒடைஞ்சிரும். தண்ணியும் தேங்கா நாரும் எடுத்துக்க. உன் கையாலயே தேய்ச்சு எடு."

தேய்ச்சான். ஒரு நாள் தேய்ச்சான், ரெண்டு நாள் தேய்ச்சான், மாசம் மூணு தேய்ச்சான். மோதரம் போட்ட வெரலெல்லாம் சுண்ணாம்பு தின்னு வெந்து போச்சு. ஒச்சாயியும் சின்னாண்டியும் அது வரைக்கும் அந்தத் துணி தொவைக்கற பொம்பளை வீட்டுலயே இருந்தாங்க. தை மாசம் மூணாவது கை வெளிய வந்துச்சு. சுண்டுவிரல் வளைஞ்சிருந்துச்சு.

ஒச்சாயி அது மேல தன் கையை வச்சா. வச்சதும் ஆடிப் போயிட்டா. அவ அப்பன்னா பெரிய ஆளுன்னு நெனைச்சுக்கிட்டே வளந்தவ. இது மீசை அரும்பற வயசுப் பையன் கை. அவன் செத்தப்ப வயசு இருவது. அவ மகனை விடச் சின்னவன். "எங்கப்பா, நீ இத்தனூண்டு பிள்ளையா இருந்தியா"ன்னு சுவத்தைத் தடவிக் குடுத்துக்கிட்டு அழுதா.

திருமேனிய ராசா பட்டணத்தை விட்டுத் தொரத்தல. மண்டபத்துலயே நிக்க வச்சாரு. உள்ள வர்ற ஒவ்வொருத்தர் கிட்டயும், "இவங்க கட்டினாங்க, நான் மூடினேன்"னு அவன் வாயால சொல்லணும். ஒரு நாள் இல்ல, ரெண்டு நாள் இல்ல, சாகற வரைக்கும். சொன்னான். வேற என்ன செய்வான்.

கதை இம்புட்டுத்தான் கண்ணுங்களா. நாளைக்கு நீங்களும் பெரிசாகி, ராசா ஆண்ட பட்டணம்னு எங்கயாச்சும் போவீங்க. கோபுரத்தை அண்ணாந்து பாத்துட்டு மட்டும் வந்துராதீங்க. இதைக் கட்டினவன் யாருன்னு கேளுங்க. தெரியாதும்பாங்க. மறுபடியும் கேளுங்க.