மயில் கத்தும் தூரம்

கட்டுப் போட்ட வைத்தியர் போய்விட்டார். கட்டு மட்டும் மான்குட்டியின் காலில் இருந்தது. எல்லாம் கெட்டது அங்கேதான்.

குட்டிக்கு முன்னங்கால் முறிந்திருந்தது. புங்கமரத்தடி வைத்தியசாலையில் தூக்கணாங்குருவிதான் எலும்பை நேராக்கி, பச்சைப் புல்லால் பின்னிக் கட்டியது. கூடு பின்னுகிற அலகு. கட்டு அசையாது. ஆனால் புல் காயக் காய இறுகும். அவ்வப்போது தளர்த்திவிட வேண்டும்.

வைத்தியசாலை உடும்புடையது. அதற்கு வைத்தியம் தெரியாது. வாசலில் படுத்துக்கொண்டு, "ம், அடுத்தது! சீக்கிரம், அடுத்தது!" என்று விரட்டத் தெரியும். அது பொறுக்காமல்தான் குருவி வேலையை விட்டது.

விட்டுப் போகலாம். ஆனால் வேலைக்குச் சேரும்போதே ஒரு சத்தியம் நடந்திருந்தது. "உன் கூட்டு முட்டைகளை நான் என்றைக்கும் தொடமாட்டேன். பதிலுக்கு நீ என்னை விட்டுப் போனால், இந்தப் புங்கமரத்து மயில் கத்துவது காதில் விழும் இடத்தில் எவருக்கும் வைத்தியம் பார்க்கக் கூடாது. பார்த்தால் முட்டை எனக்கு!" என்றது உடும்பு. காடே கேட்க, இரண்டும் ஒத்துக்கொண்டன.

மயில் அந்த மரத்தின் உச்சியில் குடியிருந்தது. அதன் குரல் ஓடைக்கரை வரை கேட்கும்.

வெயில் ஏறியது. புல் காய்ந்தது. குட்டியின் குளம்பு சில்லிட்டது.

"அம்மா, கால் இருக்கிற மாதிரியே தெரியவில்லை!"

தாய்மான் உடும்பிடம் போனது. "ஐயா, குருவியைக் கூப்பிடுங்கள்!"

"எந்தக் குருவி? அதுதான் போய்த் தொலைந்ததே. புது வைத்தியர் இருக்கிறார், பாருங்கள்," என்றது உடும்பு.

புது வைத்தியர் ஒரு மணிப்புறா. கட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு புல்லைப் பிடித்து இழுத்தது. கட்டு இன்னும் இறுகியது. குட்டி அலறியது.

"விடு! நாலு குச்சியைப் போட்டு அதைக் கூடு என்கிற ஆள் நீ! இந்தப் பின்னலில் வாய் வைக்கிறாயா?" என்று சீறியது மான்.

"நானும் அதைத்தான் சொன்னேன், அக்கா. இவர் கேட்டால்தானே!" என்றது புறா.

"அவிழாவிட்டால் அறுத்துப் போடு!" என்றது உடும்பு.

"அறுத்தால் எலும்பு விலகும்! பிள்ளை நொண்டியாகிவிடும்!" என்றது மான்.

"அதற்கு நான் என்ன செய்ய? சத்தியம் சத்தியம்தான்."

மேலே மயில் கத்தியது. மான் நிமிர்ந்து பார்த்தது.

"கத்து, நன்றாகக் கத்து! உன் தொண்டைதான் என் பிள்ளைக்கும் வைத்தியருக்கும் நடுவே வேலி!"

"என்னை ஏன் இழுக்கிறாய்? நான் என் பாட்டுக்குக் கத்துகிறேன்," என்று சிலிர்த்துக்கொண்டது மயில். ஆனாலும் குனிந்து பார்த்தது. குளம்பு கறுக்கத் தொடங்கியிருந்தது.

குட்டியால் நடக்க முடியாது. மான் மட்டும் ஓடியது. முள் கீறியது, பார்க்கவில்லை. ஓடைக்கு அக்கரையில், ஈச்சமரத்துக் கூட்டருகே குருவி உட்கார்ந்திருந்தது.

"வைத்தியரே, வாருங்கள்! கால் செத்துக்கொண்டிருக்கிறது!"

குருவி கூட்டின் வாசலை மறித்து உட்கார்ந்தது. "கூட்டில் முட்டை இருக்கிறது, தாயே. நான் வந்தால் உடும்பு இங்கே ஏறும்."

"எப்படி அவிழ்ப்பது என்றாவது சொல்லுங்கள்!"

"சொல்லி வருகிற வேலையா இது? எந்த முடிச்சு எதன் அடியில் போகிறதென்று பின்னிய அலகுக்குத்தான் தெரியும்."

"அப்படியானால் என் பிள்ளை?"

குருவி கூட்டைத் திரும்பிப் பார்த்தது.

வானம் கறுத்தது. இடி இடித்தது. இடிக்குக் கத்தாத மயில் உண்டா? அந்தக் கத்தல் அக்கரைக்கும் எட்டும். இரண்டும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றன.

சத்தமில்லை.

மறுபடி இடித்தது. தவளை கத்தியது. மயில் கத்தவில்லை.

குருவி ஓடையைத் தாண்டி ஒரு கிளையில் உட்கார்ந்தது. கேட்டது. ஒன்றுமில்லை. அடுத்த மரம். ஒன்றுமில்லை. பிறகு அது எங்கும் நிற்கவில்லை. மானால் அதன் பின்னே ஓடி எட்ட முடியவில்லை.

புங்கமரத்தடியில் காடே கூடியிருந்தது. உச்சியில் மயில், ஒரு கிளையை அலகால் இறுகக் கவ்விக்கொண்டிருந்தது. தோகை விரிந்து உடம்பெல்லாம் உதறியது. கழுத்து விம்மியது. அலகு திறக்கவில்லை.

"கத்து! கத்தித் தொலை!" உடும்பு வாலால் மரத்தை அடித்தது.

குருவி முதல் முடிச்சை எடுத்தது. இடி. அடுத்ததை எடுத்தது. தலைக்கு மேலேயே இடி. மான் மயிலை நிமிர்ந்து பார்த்தது. கிளை நெரிகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான். கடைசி முடிச்சும் தளர்ந்தது.

"எரிகிறது, அம்மா! கால் எரிகிறது!" என்று கத்தியது குட்டி.

மான் அழுதது. எரிந்தால் உயிர் இருக்கிறது.

"குருவி சத்தியத்தை மீறிவிட்டது! முட்டை எனக்கு!" என்றது உடும்பு.

"மயில் கத்தியது உன் காதில் விழுந்ததா? எங்கள் காதில் விழவில்லையே!" என்றன கூடியிருந்தவை.

உடும்புக்குத் தலைக்கேறிவிட்டது. மேலே பார்த்துக் கத்தியது. "குடியிருந்த மரத்துக்கே துரோகமா? இறங்கு! இனி இந்த மரத்துப் பக்கம் தலைகாட்டாதே!"

மயில் கிளையை விட்டது. சத்தமில்லாமல் மலைப்பக்கம் பறந்து போனது. திரும்பி வரவே இல்லை. புங்கமரத்தில் மயிலும் இல்லை, காட்டில் குருவிக்கு எல்லையும் இல்லை. குருவி வெயில் ஏறும்போதெல்லாம் வந்து கட்டைத் தளர்த்தியது.

வைத்தியனுக்கு வேலி போட்டால் வதைபடுவது பாதி வைத்தியத்தில் கிடக்கும் நோயாளிதான். இது உடும்புக்குக் கடைசிவரை புரியவில்லை, புரிந்துகொண்டு அந்த வேலியை எடுத்தது மயில்.