முத்துமாரி கேட்டது

"எல்லாம் தெரிஞ்சும் என்ன பிரயோஜனம், மேடம்?" என்று கேட்டார் இருதயராஜ்.

பல வருடம் குழந்தை மருத்துவராக இருந்துவிட்டு, ரத்தப் புற்றுநோயின் மரபணுக்களைப் படிக்க சுகிர்தாவிடம் வந்து சேர்ந்தவர் அவர். சுகிர்தா வயதில் இளையவர். ஆனாலும் அந்த ஆய்வுக்கூடத்தில் அவர்தான் ஆசிரியர்.

சுகிர்தா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்ன தெரியும், சொல்லுங்க."

"நம்ம வார்டுல இருக்கிற அந்தக் குழந்தையோட ரத்த அணுவில ரெண்டு மரபணு அறுந்து, ஒண்ணோட ஒண்ணு தப்பா ஒட்டிக்கிச்சு."

"தனித்தனியா அது ரெண்டும் எப்படி?"

"நல்லதுதான். உங்க உடம்புலயும் இருக்கு, என் உடம்புலயும் இருக்கு."

"ஒட்டினது என்ன செய்யுது?"

"அணு இளசா இருக்கிறப்போ வேலை செஞ்சுட்டு, அப்புறம் அடங்கிப்போக வேண்டிய மரபணுக்கள் இருக்கு. அதுகளை அடங்க விடல. அதனால அணு முதிரவே மாட்டேங்குது. பிஞ்சாவே பெருகிக்கிட்டு இருக்கு."

"எப்போ ஒட்டுச்சு?"

"வயித்துக்குள்ள இருக்கும்போதே."

அவர் குரல் இறங்கியது.

"இவ்வளவும் தெரியும். மருந்து கொடுத்தோம், கொஞ்ச நாள் அடங்குச்சு. திரும்ப வந்துருச்சு. இனிமே கொடுக்க ஒண்ணுமில்ல. பாத்துக்கிட்டு நிக்கிறதுக்கு எதுக்கு மேடம் இந்தப் படிப்பு?"

சுகிர்தா கையுறையைக் கழற்றினார்.

"வாங்க" என்றார்.

வார்டில் குழந்தையின் தாய் முத்துமாரி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை தூங்கியது. அதன் கைகளில் ஊசி போட்ட இடமெல்லாம் கருநீலமாகக் கன்றிப்போயிருந்தது.

சுகிர்தா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். இருதயராஜ் நின்றார்.

முத்துமாரிதான் முதலில் பேசினாள்.

"டாக்டரம்மா, மாசமா இருக்கையில கிரகணத்தன்னைக்கு வெளிய வந்துட்டேன். தண்ணி பிடிக்கத்தான் வந்தேன். அதனாலயா?"

"இல்லம்மா."

"சத்து மாத்திரைய சில நாள் போடாம விட்டுட்டேன்."

"அதனாலயும் இல்ல."

"எங்க அத்தை, நான்தான் காரணம்னு பாக்கிறவங்ககிட்ட எல்லாம் சொல்லுதாங்க."

சுகிர்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முத்துமாரி, இந்தப் பிள்ளை உங்க வயித்துல இருக்கும்போது, கண்ணுக்கே தெரியாத ஒரு அணுவுக்குள்ள ரெண்டு இழை அறுந்து மாறி ஒட்டிக்கிச்சு. அது அறுந்த இடத்தை நாங்க பாத்துட்டோம். நீங்க சாப்பிட்டதாலயும் இல்ல, சாப்பிடாம விட்டதாலயும் இல்ல. நீங்க எதுவும் செய்யல. ஆறுதலுக்காகச் சொல்லல. தெரிஞ்சு சொல்றேன்."

இருதயராஜுக்கு நெஞ்சு கொஞ்சம் இளகியது. தான் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டதாக நினைத்தார். இதற்காகவாவது இந்தப் படிப்பு உதவுகிறதே. கிளம்பலாம் என்று வாசல் பக்கம் திரும்பினார்.

முத்துமாரி அழவில்லை. குழந்தையின் பாதத்தைப் புடவைத் தலைப்பால் மூடினாள்.

"நான் செஞ்சதுன்னு சொல்லுவீகன்னுதான் இருந்தேன்" என்றாள்.

"ஏம்மா?"

"செஞ்சிருந்தா, அடுத்த பிள்ளைக்கு அதைச் செய்யாம இருந்துக்கிடலாம். இதுகிட்டயும் காலைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டிருப்பேன். ஒண்ணுமே செய்யலைன்னா, இப்ப நான் என்ன டாக்டரம்மா செய்ய?"

இருதயராஜ் திரும்பி சுகிர்தாவைப் பார்த்தார்.

சுகிர்தா முத்துமாரியின் கையை விடவில்லை.

இருதயராஜ் அருகே வந்து குனிந்து, சுகிர்தாவுக்கு மட்டும் கேட்கும்படி, "என்ன சொல்லப் போறீங்க, மேடம்?" என்றார்.

"தெரியல" என்றார் சுகிர்தா. "உட்காருங்க."