காலியான முதுகு

இலுப்பைக் காட்டில் ஒரு தாய்க் கரடி இருந்தது. அதன் முதுகில் எப்போதும் அதன் குட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். கரையான் புற்றைத் தேடி இரண்டும் காடெல்லாம் திரியும்.

பங்குனியில் இலுப்பைப் பூ கொட்டியது. தரையில் கிடந்து புளித்த பூவுக்குப் போதை உண்டு. கரடி வயிறு முட்டத் தின்றது. தள்ளாடி நடந்து, புல்லுக்குள் இருந்த காடையின் கூட்டை மிதித்துவிட்டது. ஒரு முட்டைகூடத் தப்பவில்லை. முதுகிலிருந்த குட்டியும் கீழே விழுந்து, கால் பிசகிக் கத்தியது.

தாய்க் கரடியின் அக்கா வந்து குட்டியைத் தன் குகைக்குத் தூக்கிப் போய்விட்டது. "நீ தெளிஞ்சு நடக்கிற வரைக்கும் இது என்கிட்ட இருக்கட்டும்."

அதன் பிறகும், குட்டி நழுவிவிடுமோ என்று கரடி பழைய வழக்கப்படி மெதுவாகவே நடக்கும். பாதி வழியில் ஞாபகம் வரும். முதுகு காலி என்று நின்று அழும்.

ஆனாலும், தப்பு யாருடையது? மரம் பூத்தது தப்பாம். காற்று வாசனையைக் கொண்டுவந்தது தப்பாம். சின்ன வயதில் முதல் பூவை ஊட்டிய அம்மாவும் தப்பாம். கரடி குறை சொல்லாத உயிர் காட்டில் ஒன்றே ஒன்றுதான். அதற்கும் உடம்பெல்லாம் கறுப்பு ரோமம்!

காடையிடமும் போய் இதையே சொன்னது. காடை முழுக்கக் கேட்டது.

"உங்கம்மா ஊட்டினது தப்புதான். வாசனை இழுத்ததும் நிஜந்தான். என் முட்டையை மிதிச்சது யாரு?"

கரடி மரத்தைப் பார்த்தது. பிறகு தன் காலைப் பார்த்தது.

"நான்தான்."

காடை மன்னிக்கவில்லை. பக்கத்துப் புதரில் மறுபடி முட்டையிட்டது. கரடி சற்றுத் தள்ளிப் படுத்துக் கீரி வராமல் காவல் காத்தது.

"இன்னும் வாசனை கூப்பிடுது. நான் பூ இருக்கிற பக்கம் போக எழுந்தா கத்து" என்று கேட்டுக்கொண்டது.

பல முறை எழுந்தது. காடை கோபத்தோடு கத்தியது. கரடி நடுங்கிக்கொண்டே மறுபடி படுத்தது.

குஞ்சுகள் பொரிந்த பிறகு அக்காவின் குகைக்குப் போனது. குட்டி ஓடி வரவில்லை. மெல்லக் கிட்டே வந்து அம்மாவின் வாயை மோந்து பார்த்தது. கரடி வாயை நன்றாகத் திறந்து காட்டியது.

குட்டி இன்னொரு முறை மோந்தது. பிறகு முதுகில் ஏறி, ரோமத்தை இறுகப் பிடித்துக்கொண்டது.

ஆசை எந்த வழியாக நமக்குள் வந்திருந்தாலும், அதன் பின்னால் நடந்த கால்கள் நம்முடையவைதான்.